ரவூப் பாயின் கண்ணாடி அலமாரி

கான்ஸ்டலேஷன் என்ற குட்டி விமானம் வந்துவிட்டது என்று சொல்லத்தான் போன் போட்டேன். எடுத்த மாத்திரத்தில், "பாய், பார்சல் வந்துடுச்சு. நாலு காத்தாடியும் சுத்துது. சாயங்காலம் கொண்டாரேன்" என்று கொட்டித் தீர்த்தேன். பேசியது அவருடைய மகன் அன்சாரி. "மாமா, வாப்பா சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தாங்க. மவுத்தாயிட்டாங்க" என்றார். "எந்த வாப்பா?" என்று கேட்டேன். அப்படியும் ஒரு மனுஷன் கேட்பானா? கேட்டேன். அந்த விமானம் யார் வீட்டில் நிற்பது என்று முந்தின நாள்தான் கடை வாசலில் என்னோடு சண்டை போட்டார். அவர் எப்படி இறப்பார்?

அப்துல் ரவூப் அவர்களைக் காரைக்காலில் பலருக்கு இரும்புச் சாமான் கடைக்காரராகத் தெரியும். முன்னால் காத்தாடி சுழலும் அந்தக் காலத்துப் பயணிகள் விமானங்களை, உள்ளங்கையளவு உலோக மாதிரிகளாக வாங்கிச் சேர்த்தவர் என்பது சிலருக்கே தெரியும். இந்த ஊரில் அவரை விட்டால் அந்தக் கிறுக்கு எனக்கு மட்டும்தான்.

குரும்பகரத்தில் நான் வீடு கட்டிய சமயம், கதவுக்குக் கீல் வாங்க அவர் கடைக்குப் போனேன். கல்லாவின் மேல் ஒரு விமானம். "டக்கோட்டாதானே இது?" என்றேன். நிறுத்துக்கொண்டிருந்த ஆணியை அப்படியே போட்டுவிட்டு, "உக்காருங்க தம்பி. பேரைச் சொல்லிக் கேட்ட மொத ஆளு நீங்கதான்" என்றார். கீல் வாங்க மறந்தே வீடு திரும்பினேன்.

அதன் பிறகு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். ஒருவர் வாங்கியதை மற்றவர் வாங்கக் கூடாது. "ரெண்டு வீட்லயும் ஒரே பிளேன் எதுக்கு? பாக்கணும்னா வாங்க, டீ குடிச்சிக்கிட்டே பாருங்க" என்பார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வீடு, இல்லாவிட்டால் என் வீடு. வைகவுண்ட் விமானத்தின் மேல் இருவருக்குமே ஒரு கண். அவர் முந்திக்கொண்டார். நான் முறைத்துக்கொண்டு சில வாரங்கள் போகவில்லை. அவரே ஸ்கூட்டரில் வந்து இறங்கி, "வைகவுண்ட் உங்களத் தேடுது தம்பி" என்றார். அப்புறம் கோபம் எங்கே நிற்கும்?

உப்புக்காற்றில் பெயிண்ட் பொரிந்துவிடும் என்று பீங்கான் தட்டுகளைப் பின்னால் ஒதுக்கிவிட்டு, வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் விமானங்களை நிறுத்தியிருந்தார். "விருந்தாளிக்கு ஒரு தட்டு எடுக்கணும்னா மூணு பிளேன எறக்க வேண்டியிருக்கு" என்று அவர் மனைவி, நான் அண்ணி என்று அழைப்பவர், சலித்துக்கொள்வார்.

அடக்கத்தன்று நானும் மண் அள்ளிப் போட்டேன். போட்டும் நம்பவில்லை.

சில நாள் கழித்து அன்சாரி கூப்பிட்டனுப்பினார். விமானங்களை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் போனேன். காலி அட்டைப்பெட்டி ஒன்றை நீட்டினார். "நான் மஸ்கட்டுக்குத் திரும்பணும் மாமா. இதுங்க பேருகூட எனக்குத் தெரியாது. நீங்களே எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க." உயிர் வந்தது எனக்கு. ஒவ்வொன்றாகத் துணி சுற்றி அடுக்கினேன். அலமாரி காலியாகும் நேரம், கணவர் இறந்தபின் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இத்தாவில் இருந்த அண்ணியின் குரல் உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"தம்பி, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா, அப்புறம் எதைப் பாக்க இந்த வீட்டுக்கு வருவீங்க?"

அன்சாரி தலையைக் குனிந்துகொண்டார். பெட்டியைப் பிரித்தேன். எது எங்கே இருந்தது என்று விளங்காமல் நின்றேன். அண்ணியே உள்ளிருந்து சொல்லத் தொடங்கினார். "டக்கோட்டா மேல் தட்டு, ஓரத்துல. பக்கத்துல வைகவுண்ட்." ஒரு பெயர்கூடத் தப்பவில்லை. கடைசியாக, "மூக்கு வாசலப் பாத்து இருக்கணும் தம்பி. நீங்க உள்ள நுழையும்போதே கண்ணுல படணும்னு அப்படித்தான் வைப்பாங்க" என்றார்.

அப்படியே வைத்துவிட்டு வந்தேன், பாய். போய் வாருங்கள்.