ஐந்து இஸ்பேடுக்கு முன் ஒரு பெருமூச்சு

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது வேலை. அதனால் சீட்டாட்ட மன்றத்தில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்றே பெயர். நாள் முழுக்க "மூச்ச அடக்குங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, வேண்டாத சத்தமே அவளுக்கு ஆகாமல் போயிற்று. பிரிட்ஜ் பிடித்துப்போனதும் அதனால்தான். ஏலம் கேட்க மொத்தமே பதினைந்து வார்த்தைகள். அதை வைத்தே எதிரில் இருக்கும் கூட்டாளிக்குக் கையிலுள்ளதைச் சொல்லிவிட வேண்டும். முகமோ இருமலோ பேசக்கூடாது.

கட்டிக்கொண்டதோ ஒரு கணக்கு வாத்தியாரை. மன்றம் வைத்த பெயர் ரேடியோ. பதினாலு வருடமாக அவர்தான் கூட்டாளி. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நாலு பேர் முன்னால் அவளுக்குப் பாடம் எடுப்பார். பற்றிக்கொண்டு வரும்; பல்லைக் கடித்துக்கொள்வாள். ஆனால் போன மாதம், "அந்த ஜோடி சாடை காட்டி ஆடுது" என்று, மன்றத்தில் அண்ணனோடு ஜோடி சேர்ந்து ஆடும் பல் டாக்டரின் தங்கை கிசுகிசுத்தபோது பொங்கிவிட்டாள்.

"என் வீட்டுக்காரர் வாயாடிதான். ஆனா திருட்டு ஆட்டம் ஆடமாட்டார்" என்று அடித்துப் பேசினாள்.

அரையிறுதியில் அதே டாக்டரும் தங்கையும்தான் எதிரணி. இஸ்பேடுதான் துருப்பு என்று புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒத்துப்போனதும் ரேடியோ, "நாலு நோ டிரம்ப்" என்றார். உன்னிடம் எத்தனை ஏஸ் என்று கேட்கும் கேள்வி அது.

"அஞ்சு டைமன்" என்றாள் அக்கா. ஒன்றே ஒன்று என்று அர்த்தம்.

மனிதர் கூரையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். ஒரு நிமிடம் இழுத்தடித்துவிட்டு, "அஞ்சு இஸ்பேடு" என்றார். ஆறுக்குப் போக, அதாவது பதிமூன்றில் பன்னிரண்டு பிடி எடுப்பதாகக் கேட்க ஆசை, துணிச்சல்தான் இல்லை என்பது பச்சைப்பிள்ளைக்கும் புரிந்திருக்கும்.

அக்காவிடம் கிளாவரில் ஒரே சீட்டு; அடுத்த கிளாவரைத் துருப்பால் வெட்டிவிடலாம். ஆறு கேட்டால் வந்துவிடும் என்று தோன்றியது. ஆனால் அப்படித் தோன்ற வைத்ததே அந்தப் பெருமூச்சுதான். கூட்டாளியின் தயக்கத்தை வைத்து ஏலம் ஏற்றுவது கள்ள ஆட்டம்.

"பாஸ்" என்றாள்.

பன்னிரண்டு பிடி வந்தது. ஆறு கேட்டிருந்தால் இறுதிச் சுற்று. ரேடியோ சீட்டை மேசையில் அறைந்தார்.

"அவ்வளவு நேரம் எதுக்குடி யோசிச்சேன்? எப்பவும் டக்குனு புரிஞ்சுக்குவியே, இன்னிக்கு என்ன கேடு வந்துச்சு உனக்கு?"

பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரின் தங்கை வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை; அவள் கிசுகிசுத்ததை ரேடியோவே உரக்கச் சொல்லிவிட்டார். அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கேள்வி கேட்டீங்க, பதில் சொன்னேன். நீங்க விடுற மூச்சுக்கும் நான் பதில் சொல்லணுமா?"

"கத்தாதே. வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்ல என்ன பேச்சு? நாலு பேர் முன்னாடிதானே பாடம் எடுப்பீங்க? இதையும் இங்கயே பேசுவோம்."

நடுவர் ஓடி வந்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டு, போட்டிப் பட்டியலிலிருந்து ரேடியோவின் பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

"என் பேரையும் சேர்த்து அடிங்க" என்றாள் அக்கா.

"நீங்க ஒழுங்காத்தானே பாஸ் சொன்னீங்க?"

"இன்னிக்குச் சொன்னேன். இந்தப் பதினாலு வருஷத்துல எத்தனை தடவை அந்த மூச்சைக் கேட்டு ஏத்துனேனோ, எனக்கே தெரியாது."