வலது கைக் கிளி

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் ஆண்டாள் விஷயத்தில் எதையாவது சொல்லிச் சமாளித்துவிட முடியாது. கிளி எந்தக் கையில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இடது கை என்பார்கள். அந்த ஊரில், அதுவும் தேரடிக்குப் பக்கத்தில் அத்தை கட்டிய புது வீட்டுக்கு, வலது கையில் கிளி வைத்த ஆண்டாளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

படம் அம்மா வரைந்தது. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்த அம்மா, ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெரு டீச்சர் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி ஓவியம் கற்றுக்கொண்டாள். கண்ணாடியின் பின்பக்கம் வரைந்து முன்பக்கமாகப் பார்க்கிற படம் அது. கண்ணையும் மூக்குத்தியையும் முதலில் வரைந்துவிட்டு, அதன் மேல் முகத்தின் நிறத்தைப் பூச வேண்டும். பூசிய பிறகு எதையும் மாற்ற முடியாது. இன்னொரு வம்பும் உண்டு. கண்ணாடிக்கு அடியில் வைக்கிற தாளை வரையத் தொடங்கும் முன்பே திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். மறந்தால் வலது இடதாகிவிடும். அம்மாவின் முதல் படம் ஒரு மயில். மயில் எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கென்ன? இரண்டாவது படம்தான் ஆண்டாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. "பேண்டேஜ் சுத்துற கைக்குப் படம் வேற வரையத் தெரியுமாக்கும்" என்று ஒரு கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டவள். அம்மா சிரித்து வைத்தாள். மறுநாள் வீட்டில் சோறு குழைந்துபோனது, குழம்பில் உப்பில்லை. அத்தை வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்தபோது, சுவர்க் கடிகாரம் வாங்கிப் போகலாம் என்றார் அப்பா. "அவிய வீட்டுச் சுவத்துல என் படம்தான் தொங்கணும்" என்றாள் அம்மா. மூன்று மாதம் வரைந்தாள். காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியில் கம்பெனி கழித்துப் போட்டதை எடுத்து வந்து பிரஷ்ஷைத் துடைத்துத் துடைத்துப் போடுவாள்; சிவப்புக் கறையோடு கிடக்கும் குப்பைக் கூடையைப் பார்த்தால் எப்போதும் வீட்டில் யாருக்கோ அடிபட்டது மாதிரியே இருக்கும்.

விசேஷத்தன்று காலையில் அப்பா ஃப்ரேம் கடையிலிருந்து படத்தை வாங்கி, செய்தித்தாள் சுற்றிய கட்டோடு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். பஸ்ஸில் நல்ல கூட்டம். அப்பா முன்னால் நின்றார். அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம், படம் என் மடியில். தாளில் ஒரு மூலை கிழிந்திருந்தது. கிழிசலைக் கண்டால் விரல் விடாமல் இருக்க எனக்கு அந்த வயதில் தெரியாது. பச்சையாக ஏதோ தெரிந்தது. இன்னும் கொஞ்சம் கிழித்தேன். கிளி. அது உட்கார்ந்திருந்த கை.

முந்தின மாதம்தான் பள்ளிக்கூடத்தில் எங்களை ஆண்டாள் கோயிலுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். என் இரண்டு கைகளையும் தூக்கித் தூக்கிப் பார்த்து ஒப்பிட்டேன். எப்படிப் பார்த்தாலும் தப்பாகவே வந்தது. பக்கத்தில் அம்மா கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கமே பார்த்தபடி வந்தாள். சொன்னால் பஸ்ஸிலேயே அழுதுவிடுவாள். சொல்லாவிட்டால் அத்தை சொல்லுவாள். நான் கண்டுபிடித்த வழி ஒன்றுதான்: கண்ணாடி கீழே விழுந்தால் உடையும். உடைந்த படத்தில் கிளி எந்தக் கையில் இருந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இறங்கும்போது படிக்கட்டில் வைத்துக் கையைத் தளர்த்தினேன். படம் விழவில்லை. அம்மாவின் கை அதற்கு முன்பே அடியில் வந்திருந்தது. "பாத்து எறங்குட்டி" என்றாள், அவ்வளவுதான்.

அத்தை வீட்டில் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். கையில் கொடுத்த பால்கோவாவை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டேன். அத்தை நடுக்கூடத்தில் நின்று தாளைப் பிரித்தாள். படத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஜரிகைத் தாள் மினுமினுத்ததும் நாலைந்து பேர் "அடேயப்பா" என்றார்கள். அத்தை படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள்.

"ஏட்டி, கிளி எங்கிட்டு இருக்கு?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் கத்தினேன். "அத்தை, அது கெணத்துல தெரியுத ஆண்டாள்! மாலையப் போட்டுக்கிட்டு கண்ணாடிக் கெணத்துல எட்டிப் பாத்தாள்ல, அப்ப இப்படித்தான தெரிஞ்சிருக்கும்? எங்கம்மா வேணும்னுதான் அப்படி வரைஞ்சா!"

எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கோயில் கிணற்றடியில் எங்கள் பள்ளிக்கூட டீச்சர் சொன்ன கதை எனக்குள் எங்கேயோ கிடந்திருக்கிறது. "புள்ள சொல்லுதது சரிதானப்பா" என்றார் மாமா. தெருக்காரர்கள் தலையாட்டினார்கள். அத்தையின் முகம்கூடச் சற்று இளகியது. ஜெயித்துவிட்டோம் என்று அம்மாவைப் பார்த்தேன்.

"இல்ல மதினி" என்றாள் அம்மா. "அவ எனக்காகச் சொல்லுதா. தாளைத் திருப்பிப் போட மறந்துட்டேன். தப்பு என் மேலதான். ஆனா மூணு மாசம் வரைஞ்சதும் நான்தான். புடிச்சிருந்தா மாட்டுங்க, இல்லன்னா எடுத்துட்டுப் போறேன்."

அத்தை படத்தை இன்னொரு தடவை தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மாமா பக்கம் திரும்பி, "ஆணி எங்க வச்சிய?" என்று கேட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அம்மாவிடம் பேசவில்லை. அத்தனை கோபம். கடைசியில் பொறுக்கமாட்டாமல், "நல்லாத்தான சொன்னேன், ஏம்மா கெடுத்த?" என்றேன். "நல்லாத்தாம்ட்டி இருந்துச்சு. அடுத்த படத்துக்கு வச்சுக்கிடுவோம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது.

படம் இன்றும் அத்தை வீட்டு வாசலைப் பார்த்துத் தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம் என் கிணற்றுக் கதையை அத்தை தன் கதையாகச் சொல்கிறாள். அம்மா அங்கே இருந்தால், "தாளைத் திருப்ப மறந்துட்டேன்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

போன வருஷம் அந்த வீட்டுக்கு வெள்ளையடித்தபோது படத்தை இறக்கி நான்தான் துடைத்தேன். கீழே, வண்ணம் பூசாத மூலையில், அம்மாவின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. பெயரைப் படம் முடிந்த பிறகுதான் அம்மா எழுதுவாள். அது நேராக இருந்தது. முன்பக்கம் நேராகத் தெரிய வேண்டுமென்றால் பின்பக்கம் ஒவ்வொரு எழுத்தையும் திருப்பி எழுதியிருக்க வேண்டும். தாளைத் திருப்ப மறந்தவளுக்கு எழுத்தைத் திருப்ப நினைவிருந்தது என்றால், ஃப்ரேம் கடைக்கு அனுப்பும் முன்பே அம்மா கண்ணாடியைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். கிளியைப் பார்த்துவிட்டுத்தான் கீழே பெயரை எழுதியிருக்கிறாள்.

அந்த பஸ்ஸில் ரகசியத்தை நான் ஒருத்திதான் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன் என்று நினைத்திருந்தேன். படிக்கட்டில் என் கைக்கு அடியில் வந்த அம்மாவின் கை, எதைப் பிடிக்கிறோம் என்று தெரிந்துதான் பிடித்திருக்கிறது.