பாடி மட்டும்

தைப்பொங்கலன்று பின்னேரம் கோயில் மண்டபத்தில் சுதேஷ் எடுத்த குறும்படத்தைப் போட்டார்கள். ஏழு நிமிசப் படம். மலை, தேயிலை, மழை, பனிமூட்டத்துக்குள்ளே குடை பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை நடந்து போகிறது. அவ்வளவுதான். முடிந்ததும் சனமெல்லாம் எழுந்து நின்று கைதட்டியது. கறுப்பையாவும் தட்டினார். தட்டத்தானே வேண்டும்? சுதேஷ் அவருக்குச் சகலன். மனைவி அன்னலட்சுமியின் தங்கச்சி தனுஜாவைக் கட்டியவன். ஆனால் பச்சை மிளகாயைக் கடித்து விழுங்கினது போல ஓர் எரிச்சல் தொண்டையில் தொடங்கி வயிறு வரைக்கும் இறங்கியது.

"கதையே இல்லியே, இது என்னா படம்?" என்றார் மனைவியின் காதுக்குள்.

"கதை இல்லாட்டி போகட்டுமே. பாக்க எம்புட்டு அழகா இருக்கு!" என்றாள் அன்னலட்சுமி.

அந்தப் பதில் இன்னும் எரித்தது.

கறுப்பையா பொல்லாத மனுசன் இல்லை. கெலிஓயாவில் கம்பளை வீதியோரமாக ஒரு தகரக் கொட்டகை போட்டு, இருபத்தைந்து வருசமாக த்ரீவீல்களுக்கு டிங்கர் வேலை செய்கிறார். நசுங்கின தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, பெயின்ட் அடித்துக் கொடுத்தால் சொந்தக்காரனுக்கே தன் வண்டி அடையாளம் தெரியாது. படிப்பு புசல்லாவைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. வெள்ளிக்கிழமை விடிந்தால் கண்டிக்கு பஸ் ஏறிப்போய் கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் சுத்தியலைத் தொடுவார். ஒருவரையும் ஏசினதில்லை. ஒருவரைப் பார்த்தும் வயிறெரிந்ததில்லை, சுதேஷின் அண்ணன் டுபாயிலிருந்து அந்தப் பெரிய கெமராவைக் கொண்டுவந்து கொடுக்கும் வரைக்கும்.

எரிச்சலுக்கு ஒரு காரணமும் இருந்தது. கறுப்பையாவிடம் ஒரு கதை இருந்தது.

புசல்லாவையிலிருந்து கண்டிக்கு வருகிற காலை பஸ்ஸில் ஒரு தாய் தினமும் சோத்துப் பார்சல் ஒன்றைக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவாள். கண்டிக் கடையொன்றில் வேலை செய்யும் மகன் குட்செட் பஸ் நிலையத்துக்கு வந்து அதை வாங்கிக்கொள்வான். ஒருநாள் மகன் வரவில்லை. விசாரித்தால், தாய்க்கும் சொல்லாமல் கொழும்புக்கு ஓடிவிட்டான். அதை அந்தத் தாயிடம் சொல்லக் கண்டக்டருக்கு மனம் வரவில்லை. பார்சலை வாங்கித் தானே சாப்பிடுகிறான். மூன்று மாசம் அப்படிப் போகிறது. ஒருநாள் தாய், "நேத்து கருவாட்டுல உப்புக் கூடிருச்சு, மகன் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்கிறாள். "இல்லம்மா, உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்று கண்டக்டர் வாய் தவறிச் சொல்லிவிடுகிறான். தாய்க்கு விளங்கிவிடுகிறது. அடுத்த நாளும் பார்சல் வருகிறது.

இந்தக் கதையைப் போன வருசம் ஒரு காதுகுத்து வீட்டில் கறுப்பையா சுதேஷிடம் சொல்லிவிட்டார். சொன்ன நேரம் நல்ல நேரமில்லை. "அண்ணே, இது அப்படியே படம்ணே!" என்று கண்ணை விரித்தான் சுதேஷ். எங்கே அவனே எடுத்துவிடுவானோ என்று, அந்தக் கண்தான் இப்போது கறுப்பையாவைத் தூங்கவிடாமல் பண்ணியது.

மாசி மாதத்தில் கண்டிக் கலைவட்டம் ஒன்று அறிவித்தது: பத்து நிமிசத்துக்குள் குறும்படங்கள் அனுப்பலாம், பங்குனி கடைசித் தேதிக்குள் வந்து சேர வேண்டும், தேறினதை மண்டபத்தில் காட்டுவார்கள். கறுப்பையா முடிவெடுத்துவிட்டார். கொட்டகைக்குப் புதுக் கொம்பிரஷர் வாங்கச் சேர்த்த அறுபதாயிரம் ரூபாய் இருந்தது. கொம்பிரஷர் பிறகு வரட்டும்.

கண்டி டவுனில் கெமரா சாமான் விற்கிற ஷிராஸ் பழக்கமானவன். அவனுடைய த்ரீவீலுக்குக் கறுப்பையாதான் கதவு வைத்துக் கொடுத்தவர்.

"அண்ணன், ஒங்கட போன எடுங்க பாப்போம்" என்று வாங்கிப் பார்த்தான் ஷிராஸ். "நல்ல போன்தானே இது. படத்துக்கு இது போதும். கெமராவுல சல்லியப் போடாதீங்க. ஒரு மைக் எடுங்க, ஆடாம நிக்க ஒரு ஸ்டேண்ட் எடுங்க. மிச்சச் சல்லி கையில இரிக்கும். படம் கொஞ்சம் மங்கலா இரிந்தாலும் ஆக்கள் பாப்பாங்க. சத்தம் வெளங்காட்டி எழும்பிப் போயிருவாங்க."

"போனா?" கறுப்பையாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க சகலன்கிட்ட இருக்கிறது இம்புட்டுப் பெருசு, தம்பி." இரண்டு கையாலும் ஒரு பலாப்பழத்தின் அளவைக் காட்டினார்.

"சகலன்ட கெமராவ வச்சி அவர் படம் எடுக்கட்டும். நீங்க ஒங்கட படத்த எடுங்க."

சரியான பேச்சுத்தான். காது கேட்டது, வயிறு கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய கெமரா, ஐம்பதாயிரம். படத்தில் சுதேஷின் கெமராவைவிட ஒரு சுற்றுப் பெரிதாகவே தெரிந்தது. கீழே இங்கிலீசில் என்னவோ எழுதியிருந்தது. அது அவருக்கு எட்டாது. நம்பருக்கு அடித்தார். பேராதனையில் படிப்பு முடித்து ஊருக்குப் புறப்படுகிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கஜாலினி என்று பெயர்.

"ஓம் அண்ணா, இருக்கு. பொடி மட்டும்தான் விக்கிறன்" என்றாள்.

பாடியைத்தான் யாழ்ப்பாணத்து வாயில் 'பொடி' என்றாள். 'பாடி வேலை மட்டும்தான் இருக்கு, எஞ்சின் நல்லா இருக்கு' என்பது கொட்டகையில் கறுப்பையா அன்றாடம் கேட்கிற பேச்சு. பாடியில் மட்டும் ஏதோ கோளாறு, உள்ளே சுத்தம் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

"பாடில என்னம்மா பிரச்சினை? எங்கயாச்சும் அடி பட்டுச்சா?"

"ஐயோ, ஒண்டும் இல்லை அண்ணா. பொடி புதுசு மாதிரித்தான் இருக்கு. வந்து பாருங்கோவன்."

பாடியும் நல்லது, உள்ளேயும் நல்லது, விலையும் குறைவு. பிள்ளையார் கண் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

பேராதனையில் அந்தப் பிள்ளையின் போர்டிங் வாசலில் நின்று கெமராவைக் கையில் வாங்கினார். விரலால் தட்டிப் பார்த்தார். வெயிலில் சாய்த்து, எங்காவது நெளிவு இருக்கிறதா, பெயின்ட் மாறியிருக்கிறதா என்று பார்த்தார். ஒரு திருகாணி விடாமல் தடவினார். முன்பக்கம் வட்டமாக ஒரு கறுப்பு மூடி போட்டிருந்தது.

"கழட்டிப் பாக்கிறீங்களோ?"

"வேணாம்மா, தூசி உள்ள போயிரும்."

"என்ன லென்ஸ் வச்சிருக்கிறீங்கள் அண்ணா?"

அந்தக் கேள்வி அவருக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுதேஷ் என்றால் பட்டென்று பதில் சொல்லியிருப்பான் என்கிற நினைப்பு வந்து வாயை அடைத்தது.

"எல்லாம் இருக்கும்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுதேஷையும் தனுஜாவையும் தேத்தண்ணிக்கு வரச்சொன்னார். முருகன் படத்துக்கு முன்னால் கெமராவை வைத்து, அந்தக் கறுப்பு மூடியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டினார். சுதேஷின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். அவன் கண் அந்தக் கெமராவை விட்டு நகரவில்லை. கறுப்பையாவுக்கு ஒரு மாசமாக எரிந்த இடத்தில் இளநீர் ஊற்றியது போல இருந்தது.

"நல்ல கெமராண்ணே! எங்க, குடுங்க பாப்பம்." சுதேஷ் வாங்கி, சந்தனம் கையில் ஒட்டாமல் மூடியைத் திருகி எடுத்தான். உள்ளே ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு.

"அண்ணே, லென்ஸ் எங்க?"

"அது... அதுக்குள்ளதானே இருக்கு?"

"இது பாடி மட்டும்ணே. லென்ஸ் தனியா வாங்கணும். அது இத விட விலை."

தனுஜா சீலை முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "அக்கா! மச்சான் கண்ணில்லாத சாமிய வாங்கிட்டு வந்து பூசை போட்டிருக்காரு!"

அன்னலட்சுமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுதேஷ் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"என்கிட்ட ஒரு லென்ஸ் சும்மாதான் கிடக்கு, ஆனா வேற கம்பனி. இதுக்குப் பொருந்தாது" என்றவன் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்தச் சோத்துப் பார்சல் கதைய நான் எடுக்கிறேனே? கதை கறுப்பையான்னு உங்க பேரப் போட்டுடறேன்."

கறுப்பையாவுக்கு அந்தப் பெயர் எழுத்து எத்தனை சின்னதாக வரும் என்று அப்போதே கண்ணில் தெரிந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

மறு வெள்ளி கட்டுக்கலையில் கும்பிடும்போது அவருடைய வாய் தன்பாட்டுக்கு, 'அப்பனே, அவன் கெமரா கைதவறி விழட்டும்' என்று தொடங்கிவிட்டது. திடுக்கிட்டுப் போனார். இப்படி ஒரு வேண்டுதலை அந்தச் சந்நிதியில் இதுவரை அவர் வைத்ததில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, வழக்கத்துக்கு மேலே பதினொரு தோப்புக்கரணம் போட்டார். எழும்பும்போது முழங்கால் வலித்தது. மனசு கொஞ்சம் தெளிந்தது. கதையைக் கொடுக்கமாட்டேன், அவன் கெமராவையும் நினைக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு நேரே ஷிராஸின் கடைக்கு நடந்தார்.

ஷிராஸ் கெமராவைப் புரட்டிப் பார்த்தான். "நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. இப்ப ஏசாம ஒரு வழி சொல்லு."

கெமராவை அவன் நாற்பத்தி நாலாயிரத்துக்கு எடுத்துக்கொண்டான். அதிலே சட்டையில் குத்துகிற சின்ன மைக் இரண்டு, போன் பிடிக்கிற ஸ்டேண்ட் ஒன்று கொடுத்து மிச்சத்தைக் கையில் வைத்தான். "லைட் வேணாம். டீவிப் பெட்டிக்குள்ள வச்சி வருமே, அந்த வெள்ள ரிஜிபோம் அட்டை ஒண்டு வாங்குங்க. வெயில் விழுற பக்கம் புடிச்சா மொகத்துல வெளிச்சம் வரும். அது போதும்."

மைக்கைக் காதில் போட்டுக் கேட்டபோதுதான் கறுப்பையாவுக்கு ஒரு விசயம் பிடிபட்டது. தெருவில் போகிற த்ரீவீலின் சத்தத்தை வைத்தே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லுகிற காது அவருடையது. பஸ் கதவின் கிறீச், பார்சல் சுற்றின பேப்பரின் சரசரப்பு, சில்லறையின் சத்தம் எல்லாம் எப்படிக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அது சுதேஷுக்குத் தெரியாது. இந்த நினைப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கடவுள் அதை மன்னிப்பார்.

தாயாக அன்னலட்சுமி. கண்டக்டராக நிஜக் கண்டக்டர் அழகர். பஸ் முதலாளி தன் பஸ்ஸைத் தருவதாகச் சொன்னது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. அதை விட்டால் கடைசித் தேதி தாண்டிவிடும். எல்லாம் சரி. அன்று விடியக்காலை அழகர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"கறுப்பையா, நேத்து கோயில்ல காப்புக் கட்டிட்டாங்க. பார்சல்ல கருவாடுன்னு சொன்னியே?"

கறுப்பையா தலையில் கை வைத்தார். பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் ஊரே மரக்கறிதான். அவரே விரதம். அந்த நாளைக் குறித்தது அவரே. படத்து யோசனையில் திருவிழாவை மறந்துவிட்டார். கத்திரிக்காய் வைத்து எடுக்கலாம்தான், ஆனால் கருவாட்டு உப்பில்லாமல் கதை இல்லை. நடிப்புக்காக ஒரு மனுசனின் விரதத்தை முறிக்கச் சொல்ல அவருக்கு நாவு வரவில்லை.

"ஊருக்குள்ள இப்ப கருவாடு திங்கிறது ஒரே ஒரு ஆள்தான்" என்றாள் அன்னலட்சுமி. யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'காப்புக் கோயிலுக்குத்தான், என் வாய்க்கில்ல' என்று ஒவ்வொரு வருசமும் பகிடி விடுகிறவன் அவன்.

கறுப்பையா பஸ் படியில் உட்கார்ந்தார். வேறு ஆள் இல்லை, வேறு ஞாயிறும் இல்லை. போனை எடுத்தார்.

"சுதேஷு, ஒரு உதவி. கருவாட்டுச் சோறு சாப்பிடணும்."

"அதுக்கு உதவின்னு ஏண்ணே சொல்றீங்க?" என்று சிரித்தான் அவன். வரும்போது சாப்பாட்டுக் கடையில் பார்சலையும் அவனே கட்டிக்கொண்டு வந்தான். பெரிய கெமராவைக் கொண்டுவரவில்லை. கறுப்பையா அதைக் கவனித்தார்.

அழகரின் கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின்சீட்டில் குனிந்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, அடுத்தவன் மகனுக்கு வந்த சோற்றைச் சுதேஷ் சாப்பிட்டான். பாதியில் ஒரு கவளம் விழுங்க முடியாமல் நின்றான். அது கறுப்பையா சொல்லிக்கொடுத்தது இல்லை. ரிஜிபோம் அட்டையைப் பிடித்திருந்த அழகருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஷிராஸின் கடைக் கம்பியூட்டரில் வெட்டி ஒட்டி முடித்து, கடைசித் தேதிக்கு முதல் நாள் படம் போய்ச் சேர்ந்தது. தேறியது. சித்திரையில் கண்டி மண்டபத்தில், வந்திருந்த இருநூறு பேருக்கு முன்னால், திரை முழுக்க 'கதையும் படமும் கறுப்பையா' என்று எழுத்து விழுந்தபோது அவர் கைகூப்பிவிட்டார். "உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்ற இடத்தில் மண்டபத்தில் ஒருவர்கூட இருமவில்லை.

படம் முடிந்து வெளியே வந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர் அம்மா நேரே கறுப்பையாவிடம் வந்தார்.

"ஐயா, நீங்கதானே படம் எடுத்தது? அந்தக் கண்டக்டரா நடிச்ச தம்பி யாருங்க? என்னா நடிப்பு! அவர நான் பாக்கணும்."

அந்த அம்மா போனதும் இன்னும் இரண்டு பேர். பிறகு கலைவட்டத்துத் தலைவர். எல்லோருக்கும் கண்டக்டரைத்தான் பார்க்க வேண்டும். வாசலில் சுதேஷைச் சுற்றிச் சனம் கூடிவிட்டது. தனுஜா பக்கத்தில் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க, இப்ப சந்தோசம்தானே?" என்று கேட்டாள் அன்னலட்சுமி.

கறுப்பையா தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"சந்தோசம்தான்" என்றார். "ஆனா அடுத்த படத்துல கண்டக்டரே கிடையாது."