உர்ஹோவுக்குப் புரியாத நாலாவது படி

ரைலியிடம் ஒப்புக்குக்கூட "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிடக் கூடாது. "இடது முழங்கால் வலிக்குது, மத்தபடி பரவாயில்ல" என்பாள். ஃபின்லாந்தின் கெமி ஊரில், எங்கள் சின்ன அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி நான். யார் யாரோ செய்யும் இயந்திரங்களுக்கு, எப்படி உபயோகிப்பது என்று எழுதித் தருவதுதான் எங்கள் பிழைப்பு. அதில் ரைலியை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டில் அவளோடு பேசவும் ஆளில்லை.

போன குளிர்காலத்தில் மாத்திரைப் பெட்டி ஒன்று வந்தது. வேளை வந்தால் கூவும். பொத்தானை அழுத்திக் கவிழ்த்தால் அந்த வேளை மாத்திரை உள்ளங்கையில் விழும். சோதனைக்கு மாத்திரைக்குப் பதில் மிட்டாய். எழுதியதை வயதானவர்கள் படித்துச் செய்வதை நாங்கள் வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். அவர்கள் தடுமாறினால் குற்றம் எழுத்தில். ரைலிக்கு வாய்த்தவர் உர்ஹோ, மனைவியை இழந்தவர். வியாழன்தோறும் தாளைப் படித்துக்கொண்டே வந்து, பெட்டியைக் கவிழ்க்கச் சொல்லும் நாலாவது படியில் நின்று "இங்கதான் புரியல" என்பார். பிறகு காப்பி, ஏலக்காய் பன். ரைலி நாலு வரி சேர்த்து எழுதிக்கொண்டு அடுத்த வியாழனும் அவர் வீட்டுக்குப் போவாள். ரயில் ஓட்டிய மனுஷனுக்கு ஒரு டப்பாவைக் கவிழ்க்கத் தெரியாதா என்று எனக்கு எரிச்சல்.

நாலாவது படி ஒரு பக்கத்துக்கு வீங்கிவிட்டது. மற்றவர்கள் அதில் குழம்பினார்கள். ஒரு அம்மாள் ராத்திரி மாத்திரையைக் காலையிலேயே விழுங்கிவிட்டார். மிட்டாயாக இருந்ததால் பிழைத்தார்.

"உன் உர்ஹோ ஒருத்தருக்காக ஊரையே கொல்லப் போறியா?" என்று கத்தினேன்.

"அவருக்குப் புரியலைன்னா என் எழுத்து தப்பு."

அந்த வியாழன் நானும் கூடப் போனேன். கொஞ்சம் சீக்கிரமாகவே போய்விட்டோம். சமையலறை ஜன்னலில் வெளிச்சம். உள்ளே உர்ஹோ தாளைப் பார்க்காமலே பெட்டியைக் கவிழ்த்து, மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, மேசையில் இரண்டு கோப்பைகளை எடுத்துவைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ரைலி மணி அடிக்காமல் பனியில் நின்றாள். எங்கள் ஃபின்லாந்தில் காரணமில்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை.

உள்ளே போனதும் தாளை விரித்தார். "இங்கதான்..."

"ஜன்னல் வழியா பார்த்தோம், உர்ஹோ."

அவர் தாளை அவள் பக்கம் தள்ளிவைத்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

"முதல் நாளே புரிஞ்சுதா?" என்று ரைலி கேட்டாள்.

"முதல் நாளே. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க."

சேர்த்த வரிகளையெல்லாம் அவள் அடித்தாள். அந்த அம்மாளுக்காக அடித்தாக வேண்டும். காப்பி குடித்தோம்.

வாசலில் பூட்ஸ் மாட்டும்போது அவர் கேட்டார்: "அடுத்து எதுக்கு எழுதறீங்க?"

காது கேக்கற மெஷின்னு சொல்லேன், அவரை வெச்சே சோதிக்கலாமே, எதையாவது சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்த வியாழனை விட்டால் அவளுக்கும் வேறு என்ன இருந்தது?

"பால் கறக்கிற மெஷின்" என்றாள். அதுதான் உண்மை.

உர்ஹோ தலையசைத்தார். "எங்கிட்ட மாடு இல்லையே" என்றார்.