மைனஸ் மூன்றைத் தாண்டிய மாமியார்

இலோயிலோக்காரர்கள் சண்டை போட்டாலும் தாலாட்டுப் போலத்தான் இருக்கும் என்று தலைநகர் மணிலாக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். எங்கள் தெரு ரொசெண்டாவைப் படைக்கும்போது மட்டும் கடவுள் அந்த விஷயத்தை மறந்துவிட்டார். பன்னிரண்டு வருடம் படகுத்துறையில் நின்று, எதிர்த் தீவுக்கு ஆள் சேர்க்க, "கிமாராஸ், கிமாராஸ், இன்னும் ரெண்டு பேர்" என்று கூவிய தொண்டை அவளுடையது. துறையில் டிக்கெட் கவுண்டர் வந்தது. கூவுவதற்கு ஆள் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு அவளுக்கு இரண்டே வழிகள். ஒன்று, ஹாங்காங்கில் வீட்டு வேலை. திங்கட்கிழமை பத்து மணிக்கு ஏஜென்சியில் கையெழுத்துப் போட வேண்டும். மற்றொன்று, மணிலாவில் ஒலிப்புத்தகம் போடும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே நாவல் வாசித்து அனுப்புவது. கணவனை விட்டு, அந்த வீட்டை விட்டு, கடல் தாண்டிப் போவதை நினைத்தாலே அவள் நெஞ்சு வெடித்தது. ஆனால் கம்பெனியோ மாதிரி ஒலிப்பதிவை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. மூன்றாவதுதான் கடைசி. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

"போயிட்டு வரட்டுமே," என்றாள் மாமியார் பசிலியா, பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே. "ஹாங்காங்காரங்களுக்கும் காது இருக்கு. கொஞ்ச நாள் அவங்களும் அனுபவிக்கட்டும்."

ரொசெண்டா மைக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். துணி அலமாரிக்குள் புகுந்து, வெளிச் சத்தம் புகாமல் நாலு பக்கமும் போர்வையைத் தொங்கவிட்டு, வியர்வை வழிய வழிய வாசித்து முடித்தாள். வெட்டி ஒட்டும் வேலை கணவன் நுல்ஃபோவுக்கு. மோட்டார் படகு ஓட்டி ஓட்டி அவன் காது பாதி மந்தமாகியிருந்தது. அதனால் அவன் ஒலியைக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்த்தே திருத்துவான். கம்ப்யூட்டர் திரையில் அவள் குரல் அலை அலையாக ஓடும். அலை பார்ப்பது அவனுக்குப் புதிதா என்ன?

"இந்தக் கோடு தெரியுதா? சத்தத்தோட எல்லை, மைனஸ் மூணு டெசிபல். ஒரே ஒரு அலை இதைத் தாண்டினாலும் திருப்பி அனுப்பிடுவான்."

"அப்ப மொத்தத்தையும் இறக்கிடு."

"மொத்தமா இறக்கினா நீ கிசுகிசுக்கிற இடமெல்லாம் மூழ்கிப்போயிடும்டி. போன தடவை எல்லாத்தையும் ஒரே பட்டன்ல சமமாக்கினேனே, என்ன எழுதினான்? பஸ் நேர அட்டவணை வாசிச்ச மாதிரி இருக்குன்னான். இந்த வாட்டி ஒவ்வொண்ணா கையாலதான் இறக்கணும்."

எண்ணிப் பார்த்தான். கோட்டைத் தாண்டிய சிகரங்கள் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றும் கதையில் வரும் கொடுமைக்கார மாமியார் தோன்யா செவெரா வாயைத் திறக்கும் இடங்கள்.

பசிலியா கத்தியோடு எழுந்து வந்து திரையை உற்றுப் பார்த்தாள். "மருமக பேசறப்ப?"

"குளம் மாதிரி இருக்கு, நானாய்," என்றான் மகன்.

"மாமியார் பேசறப்ப?"

"புயல் எச்சரிக்கை."

"யாரைப் பாத்து இப்படிக் கத்துக்கிட்ட, இண்டாய்?"

"எல்லாம் கற்பனை, நானாய்," என்றாள் ரொசெண்டா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

நுல்ஃபோ வேலையில் இறங்கினான். அலை ஏறுவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே மெல்ல இறக்கி, கடந்ததும் மெல்ல ஏற்றிவிட்டான். செவெராவின் கோபம் கோபமாகவே இருந்தது. கோட்டை மட்டும் தாண்டவில்லை. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் நாற்பது முடிந்தன. நாற்பத்தொன்றாவதில் கை நின்றது. "இந்த வீட்ல உனக்கு இனிமே சோறு கிடையாது" என்று செவெரா கத்தும் இடம். அந்த அலையின் உச்சி மொட்டையாக இருந்தது. பதியும்போதே மைக் தாங்காமல் தலை வெட்டுப்பட்டுவிட்டது.

"இதை இறக்கினாலும் குட்டை மொட்டைதான் கிடைக்கும். கரகரப்பு போகாது. இந்த ஒரு வரியைத் திரும்பப் படி."

ரொசெண்டா அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும், வேலிக்கு அந்தப் பக்கம் வீடியோகே பாட்டு மிஷின் அலறத் தொடங்கியது. பக்கத்து வீட்டு எப்பா மனாங்குக்கு, அதாவது எப்பா அக்காவுக்கு, அன்று அறுபதாவது பிறந்த நாள். முழுப் பன்றி வறுவலோடு விருந்து. ஐம்பது பேர். அதில் நானும் ஒருத்தி.

பாட்டைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி நுல்ஃபோ ஓடி வந்து கெஞ்சினான். கையில் ஒரு தட்டுப் பான்சிட் நூடுல்ஸைத் திணித்து அனுப்பிவைத்தோம்.

"என்ன சொன்னாங்க?" என்று ரொசெண்டா கேட்டாளாம்.

"சாப்பிடச் சொன்னாங்க."

அவள் அழ ஆரம்பித்தாள். மணி மூன்றே முக்கால். பசிலியா அந்தத் தட்டையே பார்த்தாள். பிறகு மளமளவென்று கோயிலுக்குப் போகும் கவுனை மாட்டிக்கொண்டு வேலியைச் சுற்றி வந்தாள்.

"ஏன் எப்பா, ஜெபம் பண்ணாமலேவா பரிமாற ஆரம்பிச்சிட்டீங்க?"

பாட்டு பாதியில் நின்றது. எல்லோருடைய கரண்டியும் இறங்கியது. எப்பா மனாங்கின் முகம் வெளுத்துவிட்டது. "நீங்களே சொல்லிடுங்க, மனாங்," என்று மைக்கை நீட்டினாள்.

"ஆண்டவருக்கு மைக் எதுக்கு? அந்த மிஷினை அணைங்க. லைட்டு மினுக்குது, மனசு ஒட்டாது."

வேலியோரமாகத் தன் வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணை மூடினாள். எலும்பில்லாத இலோயிலோக் குரலில், பக்கத்தில் இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்படி ஆரம்பித்தாள். எப்பாவின் அறுபது வருடங்களுக்கு நன்றி. ஏழு பிள்ளைகளுக்கும் பெயர் சொல்லித் தனித்தனி நன்றி. மருமகன்களுக்கு, கொஞ்சம் யோசித்து, நன்றி. தெருவில் செத்துப்போனவர்கள் அத்தனை பேருக்கும் இளைப்பாறுதல். பன்றிக்கு நன்றி. பன்றியை வளர்த்தவனுக்கு நன்றி. பன்றித் தோலின் மொறுமொறுப்பு எங்கள் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. ஒருவர் தும்மலைக் கையால் அமுக்கியே கண் சிவந்து நின்றார்.

வேலிக்கு மேலே நுல்ஃபோ இரண்டு கையையும் ஆட்டினான். பதிவு முடிந்துவிட்டது. ஐம்பது பேர் பார்த்தோம். கண்ணை மூடியிருந்த பசிலியா மட்டும் பார்க்கவில்லை. மழைக்கும் மீனுக்கும் மேலும் ஐந்து நிமிடம் நன்றி சொன்னாள். கடைசியில் பசி தாங்காமல் எப்பா மனாங்தான் உரக்க "ஆமென்" போட்டாள்.

அந்தப் பக்கம் நுல்ஃபோ புது வரியைத் திரையில் விரித்திருந்தான். உச்சி முழுதாக இருந்தது. கோட்டுக்குக் கீழே இறக்கினான். அதற்கு முன், அவள் மூச்சைத் திரட்டி நின்ற இடைவெளியில், மயிரிழை போல ஒரு நெளிவு.

"இது என்ன, பல்லியா?"

"தெரியல. ஏத்திப் பாரு," என்றாள் ரொசெண்டா, ஹெட்போனை மாட்டிக்கொண்டு.

அவன் ஏற்றினான். இன்னும் ஏற்றினான். பன்றிக்கும் மழைக்கும் நடுவில், எங்கள் யார் காதிலும் விழாமல், உதட்டுக்குள் சொன்ன ஒன்று திறந்திருந்த ஜன்னல் வழியே, புழுக்கம் தாங்காமல் அவள் திறந்துவிட்டிருந்த அலமாரிக்குள் வந்து விழுந்திருந்தது.

"ஆண்டவரே, இந்தப் பொண்ணை ஹாங்காங் அனுப்பிடாதீங்க. அவ சத்தம் இல்லாத வீட்ல நான் எப்படி இருப்பேன்? இதை அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

ரொசெண்டா ஹெட்போனைக் கழற்றவில்லை. திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். கண்ணீர் விசைப்பலகையில் சொட்டியது. மணி நாலரையைத் தாண்டியது. நுல்ஃபோ பதறிப்போய், அந்த இடைவெளியில் வேறோர் இடத்து அமைதியை வெட்டி ஒட்டினான். ஜெபத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்தான். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது பதிவு மணிலாவுக்குப் பறந்தது.

அப்போதுதான் பசிலியா ஒரு தட்டுப் பன்றி வறுவலோடு உள்ளே வந்தாள். "ஏன் அழுற? கோட்டைத் தாண்டிடுச்சா?"

"இல்ல, நானாய். ரொம்பக் கீழ இருந்துச்சு. ஏத்தித்தான் கேட்டோம்."

பசிலியாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் தட்டை மேசையில் வைத்துவிட்டு, தோல் நமத்துப் போச்சு, சூடு பண்ணணும் என்று முணுமுணுத்தபடி அடுப்படிக்கு ஓடினாள். மருமகள் பின்னாலேயே ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நெடுநேரம் விடவே இல்லை. அந்த வீட்டிலிருந்து அத்தனை நேரம் சத்தமே வராததைக் கண்டு நாங்கள்தான் பயந்துபோனோம்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பதில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். முதல் நாவல் முப்பத்திரண்டு அத்தியாயம், இன்றே தொடங்கலாம், மாமியார் பாத்திரம் பிரமாதம்.

பத்தே காலுக்கு ஏஜென்சியிலிருந்து போன். பசிலியா எடுத்தாள்.

"ரொசெண்டா இன்னும் வரலையே?"

"வர மாட்டா. வேலைக்குப் போயிட்டா."

"எந்த ஊருக்கு?"

"அலமாரிக்குள்ள," என்றாள் பசிலியா. "மெதுவாப் பேசுங்க. பதிவு நடக்குது."