பெயர் வைக்காத மஞ்சள் பூ

பக்கத்து வீட்டு ஹில்க்கா, பனி உருகும் மே மாதத்தில் பூச்செடிக் கிழங்குகளை விரலால் அமுக்கிப் பார்ப்பாள். குளிரில் அழுகிக் கொழகொழத்திருந்தால் தோளுக்குப் பின்னால் வீசிவிடுவாள். "போ, அடுத்தவளுக்கு எடத்த விடு!" பத்து வருடம் வளர்த்த செடி எருக்குழியில் போய் விழும். இருபத்திரண்டு வருடமாக வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறேன். இன்னும் எனக்குத் திக்கென்றுதான் இருக்கிறது.

என் வயதுதான் அவளுக்கு, அறுபத்தொன்று. பள்ளி வேன் ஓட்டுகிறாள். ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸ்தான் போடுவாள். மூன்று ஜோடிக் காலுறை போட்ட கால் அதில்தான் நுழையுமாம். வேனில் அடம்பிடிக்கிற பிள்ளைகளின் பெயரைத்தான் பியோனிப் பூ நாற்றுகளுக்கு வைப்பாள். "இவன் ஆல்வார். தலைகீழா நட்டாலும் அடங்க மாட்டான்."

விதை போட்டால் பியோனி பூக்க ஐந்து வருடமாகும். எங்கள் வடகோடிக் குளிரைத் தாங்குவதெல்லாம் வெள்ளையும் சிவப்பும்தான். பதினோரு வருடம் மகரந்தம் மாற்றி மாற்றி, போன ஜூனில் ஹில்க்கா மஞ்சளைப் பூக்க வைத்துவிட்டாள். ஒரே செடி, ஒரே பூ. தெருவே காபிக் கோப்பையோடு வந்து நின்றது. "வாய மூடுங்க, கொசு உள்ள போயிடப் போவுது" என்றாள். அதற்கு மட்டும் பெயரே வைக்கவில்லை.

இந்த டிசம்பரில் பனி விழவே இல்லை. பனிதான் கிழங்குக்குப் போர்வை. வெறும் மண், இரவு மைனஸ் முப்பத்துநாலு என்று வானொலி சொல்லிவிட்டது. தெருவில் எல்லோரும் ஊசியிலைக் கிளை, பழைய கம்பளம் என்று கிடைத்ததைப் பாத்தியில் போட்டு மூடினார்கள். அவள் பாத்தி மட்டும் திறந்து கிடந்தது. அவள் வேன் ஓட்டப் போன நேரத்தில் என் மெத்தைப் போர்வையைக் கொண்டுபோய் அந்த மஞ்சளை மூடிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தவள் வேனிலிருந்து இறங்கியதும் போர்வையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். நான் பதறிப்போய் ஓடினேன்.

"அடிப்பாவி! ஒண்ணே ஒண்ணுதான்டி இருக்கு! செத்துடும்!"

"சாகட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"இனாரி ஊர்லேர்ந்து வந்தாளே சாரா, ஞாபகமிருக்கா? போத்திப் போத்தி வளத்த செடியத்தான் அவளுக்குக் குடுத்தேன். அவ அம்மா கல்லறையில நட்டா. வசந்தத்துல அத்தனையும் அழுகிக் கெடந்துச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலடி அவ. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "இதையும் நம்பி ஒருத்தி வாங்கிட்டுப் போவா. அங்க யாரு போத்துவா?"

இவ்வளவு கல்நெஞ்சக்காரியோடா இத்தனை வருடம் காபி குடித்தேன் என்று மனசு கொதித்தது. அவள் போர்வையை உதறி, நான்காக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த வீட்டுச் சன்னல்களுக்குத் திரையே கிடையாது. சற்று நேரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. தன் படுக்கை விரிப்பைத் அந்த மஞ்சள் செடி தெரிகிற தோட்டத்துச் சன்னலுக்குக் குறுக்கே வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.