காணிக்கை விழுந்த பெட்டி

மகளுக்குக் கிடார் கம்பி வாங்கத் திருப்பதிக்குப் போன அன்று, கடையில் கால் கடுக்க நின்று அலுத்து, அங்கிருந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்தேன். “அம்மா, அதி வாயிஞ்சேதி!” என்று கடைக்காரர் தெலுங்கில் சிரித்தார். அடக் கண்றாவியே, வாத்தியத்தின் மேலா உட்கார்ந்தேன்! பதறி எழுந்தேன். உட்கார்ந்துதான் வாசிக்கவேண்டும் என்று மறுபடி உட்காரவைத்தார். கஹோன் என்று பேராம். முன்பலகையின் நடுவில் உள்ளங்கையால் தட்டினால் தொம். மேல்விளிம்பில் விரலால் தட்டினால் டப். அந்தத் தொம் என் முதுகெலும்பில் ஏறியது. கம்பியை மறந்துவிட்டுப் பெட்டியோடு சித்தூர் பஸ் ஏறினேன்.

எங்கள் சர்ச்சில் டோலக் எப்போதும் ஆம்பளைகள் மடியில்தான். பொம்பளைகளுக்குக் கைதட்டும் வேலை மட்டும். சிறுமியாக இருந்தபோதே அது எனக்கு எரிச்சல். ஆராதனையில் ஒரே ஒரு பாட்டுக்காவது நான் வாசித்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வீட்டில் மாதக்கணக்காகப் பழகிவிட்டு, கமிட்டிப் பெரியவரிடம் கேட்டேன். முகத்தைச் சுளித்தார்.

“பொம்பள பெட்டி மேல கால அகட்டிக் குந்திக்கினு, அதுவும் பீடத்துக்கு எதிர்ல? நல்லாவாம்மா இருக்கும்?”

எனக்குச் சுருக்கென்றது. போதகர்தான் குறுக்கே புகுந்து, அறுப்பின் பண்டிகையில் கடைசிப் பாட்டுக்கு மட்டும் வாசிக்கட்டும் என்றார்.

அன்று யாராவது இடித்துத் தள்ளிவிடப் போகிறார்களே என்று, பின்பக்கத்து வட்ட ஓட்டை மேலே தெரிய, பெட்டியைப் பீடத்தின் படியருகே படுக்கவைத்தேன். பக்கத்தில் விளைச்சலிலிருந்து படைத்த கரும்பு, பூசணி, வேர்க்கடலை மூட்டை. காணிக்கை வரிசை வந்தது. முதலில் வந்தவர் ஓட்டையைப் பார்த்தார், காணிக்கைக் கவரை உள்ளே போட்டார். பின்னால் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? சில்லறை கலகலவென்று விழுந்தது. ஐயோ, என் பெட்டி! ஆராதனை நடுவில் கத்தவா முடியும்?

கடைசிப் பாட்டு அறிவித்ததும் போய்ப் பெட்டியை நிமிர்த்தினேன். உட்காரப் போனபோது பெரியவர் கையை நீட்டி மறித்தார்.

“காணிக்கை உள்ள வுழுந்துடுச்சிம்மா. இனிமே அது கர்த்தருடைய பெட்டி. அதும்மேல எப்படிக் குந்துவ?”

முன்வரிசை முழுக்கத் தலையாட்டியது. ஆத்திரத்தில் கண் தளும்பியது எனக்கு. அவர் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே பயந்துதான் சொன்னார். அதனாலேயே சண்டை போடவும் வாய் வரவில்லை. பாட்டு ஆரம்பித்துவிட்டது. போச்சு, இதோடு போச்சு என்று நினைத்தேன்.

சரி, கர்த்தருடையது என்றால் அதன்முன் என்ன செய்வோம்? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் போட்டேன். பெட்டியைக் கைக்கு எட்டுகிற மாதிரித் திருப்பி முன்பலகையின் நடுவில் தட்டினேன். தொம். உள்ளே சில்லறையும் சேர்ந்து குலுங்கியது. பெரியவர் மறுபடி கையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். அப்படியே இறக்கிவிட்டார். சர்ச்சில் முழங்கால் போட்டிருப்பவளைப் பார்த்து எழுந்திரு என்று யார் சொல்வது?

கடைசிச் சரணம்வரை வாசித்தேன்.